பாண்டி பஜார் நடைபாதை, மாம்பலம் ஸ்கைவாக், நடுவுல மாட்டிக்கிட்ட உஸ்மான் ரோடு: நடந்து பாத்த ரிவ்யூ

முழுசா படிக்க டைம் இல்லாதவங்களுக்காக ரேட்டிங்கை மொதல்லயே சொல்லிடறேன். சென்னை தி.நகர்ல இருக்கற பாண்டி பஜார் நடைபாதைக்கு 5-க்கு 3.5. மாம்பலம் ஸ்கைவாக்குக்கு, அதாவது நடக்கறவங்களுக்கான மேம்பாலத்துக்கு, 3. இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கற உஸ்மான் ரோட்டுக்கு 1, அதுவும் அங்க விக்கற சுண்டலுக்காக.

ஏன் இதுக்கெல்லாம் ரிவ்யூன்னு கேக்கறவங்களுக்கு, 200 ரூபா சார்ஜருக்கு ஃபோட்டோ போட்டு ரிவ்யூ எழுதறோம், இது நம்ம காசுல பல கோடிக்கு வாங்கின பொருள், வாரன்டி கார்டு குடுக்கல அவ்வளவுதான். நான் பல்லாவரத்துலேருந்து எலெக்ட்ரிக் ட்ரெயின்ல வந்து மாம்பலத்துல எறங்கற ஆள், வண்டி கெடையாது, தி.நகர்ல துணி எடுக்கறதோ பாத்திரம் வாங்கறதோ எல்லாமே கால்நடை தான், அதனால இது முழுக்க நடக்கறவங்க கண்ணோட்டம். கார்ல வந்து பார்க்கிங் தேடறவங்க கதை வேற, அதை அவங்க எழுதட்டும்.

மொதல்ல ஸ்கைவாக். 2023 மே மாசம் முதல்வர் ஸ்டாலின் திறந்து வச்சது. மாம்பலம் ஸ்டேஷன்ல ஆரம்பிச்சு மேட்லி ரோடு மேல போயி தெற்கு உஸ்மான் ரோட்ல இருக்கற தி.நகர் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும், சுமார் 570 மீட்டர் நீளம், 4.2 மீட்டர் அகலம், செலவு 28 கோடிக்கு மேல. லிஃப்ட் வச்சிருக்காங்க, எஸ்கலேட்டர் வச்சிருக்காங்க. இது வர்றதுக்கு முன்னாடி ட்ரெயின்லேருந்து எறங்கி பஸ் புடிக்கணும்னா ரங்கநாதன் தெருவுக்குள்ள போயித்தான் ஆகணும், அந்த தெருவுல நீங்க நடக்க வேண்டாம், பின்னாடி வர்ற கூட்டமே உங்களை தள்ளிட்டு போயி உஸ்மான் ரோட்ல விட்டுடும், தீபாவளிக்கு முந்தின ஞாயித்துக்கிழமை போனவங்களுக்கு நான் என்ன சொல்றேன்னு தெரியும். கைல பெட்டி, இடுப்புல கொழந்தை, ஆபீஸுக்கு லேட்டு, எதுவும் வாங்கப்போறதில்ல, பஸ் மட்டும் புடிக்கணும், ஆனா சட்டி பானை கடை, ஹேர்கிளிப் கடை, நைட்டி கடை எல்லாத்தையும் தரிசனம் பண்ணிட்டுத்தான் போகணும். அந்த ஒரு கூட்டத்தை பிரிச்சு விட்டதுக்காகவே ஸ்கைவாக்குக்கு நான் கடமைப்பட்டவ. பஸ் மாத்தற ஆளுங்களுக்கு இது நிஜமாவே உபயோகம், இதை யாரும் குறை சொல்ல முடியாது.

ஆனா எங்க அம்மாவை கூட்டிட்டு போனேன். அம்மாவுக்கு முட்டி வலி, மேல போற வழியை அண்ணாந்து பாத்துட்டு கீழயே நின்னுட்டாங்க. "ஏண்டி, நாம மட்டும் ஏன் மேல ஏறணும், வண்டிங்க எல்லாம் ஜம்முனு கீழயே போகுது பாரு"ன்னாங்க. நான் லிஃப்ட் இருக்கும்மா வான்னு சமாதானம் பண்ணி கூட்டிட்டு போனேன், ஆனா அந்த கேள்விக்கு என்கிட்ட இன்னிக்கு வரைக்கும் பதில் இல்ல. பெட்ரோல் போட்டா ஓடற வண்டி சமமா தரையில போகும், அரிசி சாப்பிட்டு நடக்கறவன் தான் மாடி ஏறி எறங்கணும். ஸ்கைவாக்குன்னு பேரு வச்சா கௌரவமா இருக்கு, ஆனா நடக்கறவங்களை ரோட்டுலேருந்து எடுத்து மேல வச்சுட்டா கீழ வண்டிக்காரனுக்கு தொந்தரவு இல்லங்கற எண்ணம் அதுக்குள்ள எங்கயோ இருக்குன்னு தான் எனக்கு தோணுது. ரயில்வே லைன் மாதிரி தாண்டவே முடியாத எடத்துல மேம்பாலம் நியாயம். மேட்லி ரோடு மாதிரி ஒரு தெருவுல கீழயே ஒரு நல்ல பிளாட்பாரம் போட்டிருந்தா அதுவும் வேலை செஞ்சிருக்கும், அதுக்கு ரோட்டோரம் நிக்கற வண்டிங்களை எடுக்கணும், அதை எடுக்கறதை விட 28 கோடிக்கு இரும்பு வாங்கறது நம்ம ஊர்ல சுலபம்.

இன்னொரு குறை, இது உங்களை பஸ் ஸ்டாண்டுல கொண்டு போய் விடுது, கடைகளுக்கு இல்ல. மாம்பலத்துல எறங்கி பாண்டி பஜார் போறவளுக்கு ஸ்கைவாக் கொஞ்சம் கூட உதவி கெடையாது, ஏன்னா பஸ் ஸ்டாண்ட் தெக்கால இருக்கு, பனகல் பார்க் வடக்கால இருக்கு. அதனால பாதி பேரு இன்னமும் ரங்கநாதன் தெரு வழியாத்தான்.

இப்ப நடுவுல இருக்கற உஸ்மான் ரோடு. இதை யாரும் திறந்து வைக்கல, கல்வெட்டு இல்ல, அதனால தான் இப்படி இருக்கோ என்னவோ. ஏற்கனவே ஒரு மேம்பாலம் தலைக்கு மேல, அதோட சேர்த்து சிஐடி நகர் பக்கம் எறங்கற மாதிரி ஒரு இரும்பு மேம்பாலம் 2025-ல திறந்தாங்க, ஜெ.அன்பழகன் பேரு வச்சிருக்காங்க, 1.2 கிலோமீட்டர், 165 கோடி கிட்ட ஆச்சு. ஒரு சின்ன கணக்கு போடுங்க. பாண்டி பஜார் நடைபாதைக்கு கிட்டத்தட்ட 40 கோடி, ஸ்கைவாக்குக்கு 28 சொச்சம், நடக்கறவங்களுக்குன்னு பண்ணின ரெண்டையும் கூட்டினா 70 கோடி கூட வரல, வண்டி சிக்னல்ல நிக்காம போறதுக்கு மட்டும் அதைப்போல ரெண்டு மடங்குக்கு மேல. ஏரியாவுக்கு வர்றவங்கள்ல கார்ல வர்றவங்க எத்தனை பேரு, பஸ்லயும் ட்ரெயின்லயும் வந்து நடக்கறவங்க எத்தனை பேருன்னு ஒரு சனிக்கிழமை சாயங்காலம் போத்தீஸ் பக்கம் நின்னு பாத்தாலே தெரிஞ்சுடும், இதுக்கு சர்வே எல்லாம் தேவையில்ல.

பாலத்துக்கு கீழ என்ன நடக்குதுன்னா, பாலத்தோட தூண் கொஞ்சம், ஷேர் ஆட்டோ கொஞ்சம், கடைக்கு சரக்கு எறக்கற லோடு வண்டி கொஞ்சம், மீதி இருக்கற எடத்துல நாம. பிளாட்பாரம் இருக்கு, இல்லன்னு சொல்லல, கொஞ்ச தூரம் இருக்கும், அப்புறம் ஒரு ட்ரான்ஸ்ஃபார்மர் வரும், அதை சுத்தி ரோட்ல எறங்கணும், எறங்கின நேரம் பாத்து ஒரு பஸ் உரசிக்கிட்டு வரும், டிரைவர் அண்ணன் மேலயும் தப்பில்ல, அவருக்கும் எடம் இல்ல. பனகல் பார்க் கிட்ட மெட்ரோவுக்கு பூமிக்கடியில ஸ்டேஷன் கட்றாங்க, கலங்கரை விளக்கம் டு பூந்தமல்லி லைன், அந்த வேலைக்காக வச்ச தகர தடுப்பால கொஞ்ச வருஷமாவே அங்க வழி மாறிக்கிட்டே இருக்கு. அதை நான் பொறுத்துக்கறேன், மெட்ரோ வந்தா நல்லது தான். ஆனா தடுப்பு வைக்கும்போது வண்டிக்கு மாற்றுப்பாதை இந்தப்பக்கம்னு பெருசா அம்புக்குறி போட்ட போர்டு வைக்கறாங்க, நடக்கறவங்களுக்கு எந்தப்பக்கம்னு ஒரு சின்ன போர்டு கூட கண்ல படல, நாமளே முன்னாடி போறவங்க பின்னாடி போக வேண்டியது தான்.

ஒரு பக்கக்கதை சொல்லிக்கறேன். உஸ்மான் ரோடு, பனகல் பார்க், தியாகராய ரோடு, இந்த மூணு பேரும் ஜஸ்டிஸ் கட்சி, அதாவது நீதிக்கட்சி ஆளுங்க தான். முகமது உஸ்மான், பனகல் ராஜா, பிட்டி தியாகராய செட்டி. 1920-கள்ல அவங்க ஆட்சி நடந்தப்போ இருந்த ஏரியை தூர்த்து இந்த நகரை போட்டாங்க. ஒரு ரவுண்டு கடைக்கு போயிட்டு வந்தா மெட்ராஸ் அரசியல் வரலாறு பாதி கால்ல பட்டுடும். ஏரி இருந்த எடம்ங்கறது மழைக்கு மட்டும் இன்னும் ஞாபகம் இருக்கு, அதை கீழ சொல்றேன்.

சரி, பாண்டி பஜார். பனகல் பார்க் முனையில ஆரம்பிச்சு தணிகாசலம் ரோடு சிக்னல் வரைக்கும் தியாகராய ரோட்ல பண்ணது. 2019 நவம்பர்ல அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி திறந்தாரு, ஸ்மார்ட் சிட்டி திட்டத்துல வந்த காசு. வண்டி போற பாதையை ஒடுக்கி ரெண்டு பக்கமும் நடக்கற எடத்தை அகலமாக்கினாங்க, இருந்த பெரிய மரங்களை வெட்டாம விட்டாங்க, அதுக்கு தனியா ஒரு கும்பிடு. உக்கார பெஞ்ச், கொழந்தைங்க ஏறி விளையாட கலர் கலரா சிலைங்க, வண்டி ஏறாம இருக்க குட்டித் தூண்கள். இதுல எனக்கு ரொம்ப புடிச்சது என்னன்னா இங்க நடக்கறவ மேலயும் ஏற வேண்டாம் கீழயும் எறங்க வேண்டாம், ரோடு தான் நமக்காக ஒதுங்குது. எங்க அம்மா இங்க கேள்வியே கேக்கல, பாட்டுக்கு நடந்தாங்க, நடுவுல உக்காந்தாங்க, எந்திரிச்சு திரும்ப நடந்தாங்க.

பெஞ்சை பத்தி தனியா சொல்லணும். மத்தியானம் ரெண்டு மணி வாக்குல போனீங்கன்னா அதுல பாதி துணிக்கடை, நகைக்கடையில வேலை பாக்கற பொண்ணுங்க தான், யூனிஃபார்ம் புடவை, காலை நீட்டி செருப்பை கழட்டி வச்சுட்டு டிபன் பாக்ஸ்ல எலுமிச்சம்பழ சாதம். கடைக்குள்ள நாள் முழுக்க நின்னே வேலை செய்யறவங்களுக்கு உக்கார நாற்காலி குடுக்கணும்னு தமிழ்நாட்டுல 2021-ல தான் சட்டத்தையே திருத்தினாங்க, அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே இந்த தெரு அவங்களுக்கு பெஞ்ச் குடுத்துடுச்சு. நான் எடம் தேடி நின்னப்போ ஒரு பொண்ணு, "உக்காருங்கக்கா, பத்து நிமிஷம் தான் பிரேக்கு, நாங்க கெளம்பணும்"னு டப்பாவை மூடிக்கிட்டே எந்திரிச்சா. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு, நீ உக்காரும்மான்னு நானே தள்ளி போயிட்டேன். ஏசி போட்ட எந்த மால்லயும் வேலை செய்யற பொண்ணு வாசல்ல உக்காந்து நிம்மதியா சாப்பிட எடம் குடுத்து நான் பாத்ததில்ல. இதுக்கே 3.5-ல ஒரு முழு ஸ்டார்.

மீதி ஒன்றரை எங்க போச்சு. மொதல்ல டூவீலர். அந்த குட்டித் தூண்களுக்கு நடுவுல எப்படியோ நெளிஞ்சு உள்ள ஏத்திடறாங்க, ஏத்திட்டு சும்மாவும் வர்றதில்ல, ஹாரன் அடிக்கறாங்க, நடைபாதையில! ஒரு அண்ணன் பின்னாடிலேருந்து பாம் பாம்னு அடிச்சுட்டு, "என்னம்மா நட்ட நடுவுல நடக்கற"ன்னாரு. "அண்ணே, இது நடக்கறதுக்குத்தாண்ணே கட்டிருக்காங்க"ன்னேன். "ரெண்டு நிமிஷம் தானம்மா, ஏடிஎம் போயிட்டு வந்துடறேன்"னு வண்டியை பெஞ்சுக்கு முன்னாடி சைடு ஸ்டாண்ட் போட்டு நிறுத்திட்டு போனாரு. நான் ஒரு ஜூஸ் குடிச்சு முடிச்சு கெளம்பற வரைக்கும் அந்த ரெண்டு நிமிஷம் முடியல. இதுல காமெடி என்னன்னா அதே தியாகராய ரோட்ல மாடி மாடியா பார்க்கிங் கட்டி வச்சிருக்காங்க, 200-க்கு மேல காரு, 500 டூவீலர் நிக்கற அளவுக்கு. ஆனா அங்க விட்டா காசு, இங்க விட்டா ஓசி, கேக்க ஆளில்ல, நம்மாளு எதை செய்வான்.

அடுத்தது மராமத்து. திறப்பு விழா அன்னிக்கு எடுத்த ஃபோட்டோவையும் இன்னிக்கு தரையையும் பக்கத்துல வச்சு பாத்தீங்கன்னா தெரியும், கல்லு பேந்த எடத்துல சிமெண்டை பூசி விட்டிருக்கறது, சிலைக்கு பெயிண்ட் போன எடம் எல்லாம். கட்டறதுக்கு ஒரு திட்டத்துல காசு வரும், கட்டி முடிச்சதும் திட்டம் முடிஞ்சிடும், அப்புறம் தினமும் பாத்துக்கறது யாரு? தூணை சரி பண்றது ஒருத்தர், வண்டியை எடுக்க வேண்டியது டிராஃபிக் போலீஸ், குப்பை வேற ஒருத்தர். காலையிலேருந்து ராத்திரி வரைக்கும் இந்த முக்கால் கிலோமீட்டருக்கு நான் தான் பொறுப்புன்னு சொல்ல ஒரு மனுஷன் இருந்தா போதும், இன்னும் ஒரு ஸ்டார் நானே போட்டுடுவேன்.

இதுல அரசியல் எங்க வருதுன்னா, இந்த நடைபாதை அதிமுக ஆட்சியில திறந்தது, ஸ்கைவாக் திமுக ஆட்சியில திறந்தது. 2021 நவம்பர் மழையில தி.நகர் முழுக்க தண்ணி நின்னுச்சு, பழைய ஏரி தன் எடத்தை கேட்டு வந்த மாதிரி. உடனே ஸ்மார்ட் சிட்டி வேலையில முறைகேடுன்னு புது ஆட்சி சொல்லுச்சு, ஓய்வு பெற்ற ஐஏஎஸ் அதிகாரி டேவிதார் தலைமையில விசாரணையும் வச்சாங்க. விசாரிக்கட்டும், தப்பு பண்ணிருந்தா புடிக்கட்டும், அதுல எனக்கு மறுப்பில்ல. ஆனா கான்ட்ராக்ட் கணக்கு வேற, அகலமான பிளாட்பாரம்ங்கற யோசனை வேற. அவங்க கட்டினதை இவங்க தொடச்சு வச்சா பேரு அவங்களுக்கு போயிடுமேங்கற கணக்கு எல்லா ஆட்சியிலயும் இருக்கறது தான், அந்த சண்டையில பெயிண்ட் அடிபடுது.

இன்னொன்னும் கவனிச்சேன். இந்த நடைபாதையை கட்டி திறந்தது எல்லாம் சென்னைக்கு கவுன்சிலரே இல்லாத காலம். 2016-லேருந்து 2022 ஆரம்பம் வரைக்கும் மாநகராட்சி தேர்தலே நடக்கல, மேயர் கெடையாது, அதிகாரிங்க ஆட்சி தான். மொதல்ல தடுப்பு வச்சு ட்ரையல் பாத்தப்போ வண்டி நிறுத்த எடம் இல்லன்னா வியாபாரம் படுத்துடும்னு கடைக்காரங்க பயந்தாங்க, வார்டுல ஒரு கவுன்சிலர் இருந்திருந்தா அந்த பயமே திட்டத்தை நிறுத்திருக்குமோன்னு எனக்கு ஒரு சந்தேகம். ஜனநாயகம் இல்லாதப்ப நல்ல பிளாட்பாரம் வந்துச்சுன்னு சொல்ல எனக்கே கசக்குது, ஆனா இதுக்கு மறுபக்கமும் இருக்கு. கவுன்சிலர்னு ஒருத்தர் இப்ப இருக்காங்க, கல்லு பேந்திருக்குன்னு கேக்க ஒரு வாசல் இருக்கு, நடக்கறவங்க தான் போயி கேக்கறதில்ல. கடைக்காரங்களுக்கு சங்கம் இருக்கு, ஆட்டோவுக்கு சங்கம் இருக்கு, நடக்கறவங்களுக்கு என்ன இருக்கு, வீட்டுக்கு போனதும் கால் வலி தான்.

தள்ளுவண்டி, பிளாட்பாரக் கடைக்காரங்களை விட்டுட்டு பாண்டி பஜாரை பத்தி பேசறது நியாயமில்ல. நான் காலேஜ் படிச்சப்போ இந்த தெருன்னாலே அவங்க தான், வளையல், பொட்டு, ஹேண்ட்பேக், பேரம் பேசி பாதி விலைக்கு வாங்கினா வீட்டுக்கு வந்து ஒரு வாரம் பெருமை. 2013-ல அவங்களை எல்லாம் அதே தெருவுல ஒரு காம்ப்ளெக்ஸ் கட்டி உள்ள அனுப்பிட்டாங்க. பிளாட்பாரத்துல இருந்தா போற வர்றவங்க கண்ல படும், மாடியில இருந்தா தேடிட்டு யாரு வருவா? நடைபாதை இவ்வளவு அகலமா ஆனதுக்கப்புறம் ஓரமா அளவு போட்டு, நம்பர் போட்டு, ஒரு வரிசைக்கு எடம் குடுத்திருக்கலாம், 2014-ல மத்திய அரசு கொண்டு வந்த தெரு வியாபாரிகள் சட்டம் அப்படி எடம் ஒதுக்கறதை பத்தித்தான் பேசுது. பைக்குக்கு கெடைக்கற எடம் பூக்கார அக்காவுக்கு கெடைக்கலங்கறது எனக்கு இந்த தெருவுல பெரிய குறை, இதுக்கு அரை ஸ்டார் கழிச்சிருக்கேன்.

சென்னை மாநகராட்சி 2014-லயே நடை, சைக்கிள் இதுக்குன்னு ஒரு கொள்கை போட்டுச்சு, இந்தியாவிலேயே மொதல்ல போட்டது நாங்க தான்னு பெருமையாவும் சொல்லிக்கிட்டாங்க. போக்குவரத்துக்கு ஒதுக்கற காசுல 60 சதவீதமாவது நடக்கறவங்களுக்கும் சைக்கிளுக்கும்னு அதுல இருக்கு. மேல போட்ட மேம்பால கணக்கை திரும்ப ஒரு தடவ பாத்துக்கோங்க. மேம்பாலம் வேற துறை, வேற கணக்குன்னு சொல்லுவாங்க, எங்க காலுக்கு துறை தெரியாதுங்க.

பஸ்ஸையும் சொல்லிடறேன். 2021 மே மாசத்துலேருந்து சாதாரண கட்டண பஸ்ல பொம்பளைங்களுக்கு டிக்கெட் இல்ல, அதனால தி.நகர் பஸ் ஸ்டாண்டுல சாயங்காலம் நிக்கற கூட்டமே மாறிடுச்சு, கடை வேலை முடிஞ்சு போறவங்க, வீட்டு வேலை முடிஞ்சு போறவங்கன்னு முக்காவாசி பெண்கள். பஸ் இலவசம், ஆனா பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து வர்ற வழி? ராத்திரி ஒம்பதரைக்கு கடை ஷட்டர் போட்டதும் அந்த பொண்ணுங்க எல்லாம் அந்த உஸ்மான் ரோட்ல, பாலத்துக்கு கீழ, ட்ரான்ஸ்ஃபார்மரை சுத்தித்தான் வரணும். பாண்டி பஜார் மாதிரி ஒரு அகலமான தரையை பனகல் பார்க்லேருந்து பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் இழுத்துட்டு வந்தா போதும், ஸ்கைவாக்கும் நடைபாதையும் ஒண்ணு சேந்துடும், இப்ப ரெண்டும் தனித்தனியா நிக்குது.

போறவங்களுக்கு: வார நாள்ல காலையில 11 மணிக்கு முன்னாடி போங்க, கடை அப்பத்தான் திறந்திருக்கும், வெயில் ஏறினாலும் பாண்டி பஜார் பக்கம் மர நிழல் இருக்கு. பஸ் புடிக்கணும்னா ஸ்கைவாக், துணி எடுக்கணும்னா ஸ்கைவாக் ஏறாதீங்க, சுத்து. பெரியவங்க கூட வந்தா லிஃப்ட் எங்கன்னு கேட்டுட்டு அப்புறம் நடக்க ஆரம்பிங்க, பாதிப் படி ஏறினதுக்கப்புறம் கேக்காதீங்க. பாண்டி பஜார்ல காதுல ஹெட்ஃபோன் வேண்டாம், பின்னாடி ஏடிஎம் அண்ணன் வந்துட்டு இருப்பாரு.